ஒயில் வடியும் நேரம்

புளியந்தீவு,
மட்டக்களப்பு.
8 ஜனவரி 2025

பக்கீர்,

தொலைபேசியில் பேசினால் நான் ஒரு வசனத்தை முடிப்பதற்குள் நீர் நான்கு தடவை "ஓம் நோனா" சொல்லிவிடுவீர். ஆகவே எழுதுகிறேன். நீரும் எழுத்திலேயே பதில் தாரும். எழுதியதை நாளைக்கு மறுக்க முடியாது.

டிசெம்பர் பத்தாம் திகதி என் காருக்கு ஒயில் மாற்றினீர். என் தங்கையின் மகன் டஸ்டின் காரைக் கொண்டுவந்தான். பன்னிரண்டு வருடமாக நான் வைத்திருக்கும் ஒழுங்கின்படி, சீல் உடையாத ஒயில் கானை அவன் கண் முன்னால் உடைத்தீர். வெறுங்கானை அவன் வீட்டுக்குக் கொண்டுவந்தான். எல்லாம் சரி. ஆனால் போன ஞாயிறு பூசைக்குப் போகமுன் நானே ஒயில் பார்க்கும் கம்பியை இழுத்து வெள்ளைத் துணியில் துடைத்தேன். கறுப்பு. நான்கே கிழமையில் கறுப்பு.

கல்முனை வீதியில் புதிதாகத் திறந்திருக்கும் சேர்விஸ் நிலையத்துக்குக் காரைக் கொண்டுபோகச் சொல்லி நானும் கூடப் போனேன். கழுத்துப்பட்டி கட்டிய முகாமையாளர் ஒருவர் வந்து பார்த்தார். "மிஸிஸ், இது லொறிக்கு விடுற ஒயில். பார்த்தா ஏற்கெனவே பாவிச்ச ஒயில் மாதிரியும் இருக்கு" என்றார். காரோடு வந்த யப்பான் புத்தகத்தில் ஒயில் இலக்கம் 5-30 என்று போட்டிருக்கிறது. நீர் விடுவது 20-50. புத்தகம் எழுதியவர்களைவிட உமக்கு அதிகம் தெரியுமா?

அங்கே ஒயில் மாற்றப் பதினைந்து நிமிடம். உம்மிடம் அரை நாள். என் கணவர் பிரடெரிக் இருந்த காலத்தில் காலை எட்டுக்கு உம்மிடம் போனால் பகல் இரண்டுக்குத்தான் திரும்புவார். ஏன் என்று கேட்டால் "ஒயில் முழுக்க வடியோணும், குவென்" என்பார். பாவம், நீர் சொன்னதை நம்பினார்.

இருபத்தாறு வருடப் பழக்கத்தை இத்துடன் முடித்துக்கொள்கிறேன். உம்மிடம் இருக்கும் மேலதிகச் சாவியை அனுப்பிவிடும்.

திருமதி குவெண்டலின் பிரடெரிக்


காத்தான்குடி
15.01.2025

மதிப்புக்குரிய நோனாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒயில் கறுத்தால் அது வேலை செய்கிறது என்று அர்த்தம். எஞ்சினுக்குள் இருக்கும் கரியையும் அழுக்கையும் அது தன்னோடு எடுத்துக்கொள்கிறது. மாதக்கணக்கில் தேன் நிறத்திலேயே இருக்கும் ஒயிலைக் கண்டால்தான் நான் பயப்படுவேன், அழுக்கு உள்ளே நிற்கிறது என்று. உங்கள் காருக்கு நான் ஒருநாளும் பாவித்த ஒயில் விட்டதில்லை. எந்தக் காருக்கும் விட்டதில்லை.

புத்தகத்தில் உள்ளது புது எஞ்சினுக்கு. உங்கள் எஞ்சின் 2012 நவம்பரில் ஒயில் இல்லாமல் ஓடி இறுகிப்போனது. அப்போது பெயரிங் எல்லாம் மாற்றினோம். சிலிண்டர் சுவரில் விழுந்த கீறலை மாற்ற முடியவில்லை. அந்த எஞ்சினுக்குத் தடித்த ஒயில்தான் தாங்கும். மெல்லிய ஒயில் விட்டால் கீறல் வழியே ஏறி எரிந்துபோகும். புகை வரும். ஒயில் குறையும். பிறகு திரும்பவும் இறுகும்.

நோனா, என்னிடம் வரவேண்டாம். வேறு யாரிடமாவது போங்கள். ஆனால் 20-50 விடச் சொல்லுங்கள்.

சாவியை நானே நேரில் கொண்டுவந்து தருகிறேன். உங்களிடம் ஒரு விஷயம் கேட்கவும் இருக்கிறது.

இப்படிக்கு,
பக்கீர்


புளியந்தீவு
24 ஜனவரி 2025

பக்கீர்,

நேரில் வரவேண்டாம். படலை பூட்டியிருக்கும்.

2012 நவம்பரை நீரே எடுத்தது வசதியாகப் போயிற்று. ஒயில் மாற்றியவர் யார்? நீர். அடியில் இருக்கும் நட்டைக் கையால் மட்டும் திருகி, ஸ்பானர் போட்டு இறுக்காமல் அனுப்பியவர் யார்? நீர். தேற்றாத்தீவு போகும் வழியில் நட்டு கழன்று, ஒயில் முழுவதும் ரோட்டில் கொட்டி, அறுபத்தெட்டு வயது மனிதர் மாரி மழையில் இரண்டு மணித்தியாலம் நின்றார். அந்த மனிதர் கெஞ்சியதால்தான் உம்மைத் திரும்பவும் சேர்த்தேன். அப்படிப்பட்டவர் எனக்கு எஞ்சின் பாடம் நடத்துகிறார்.

5-30 விட்டாயிற்று. எஞ்சின் பட்டுப்போல் ஓடுகிறது.

இன்னொன்றும் தெரிவிக்கிறேன். கன்னியர் மட வானும் உம்மிடம்தான் வருகிறது என்பதால், மதருக்கு என் அனுபவத்தை எழுதினேன். பாவித்த ஒயில் பற்றி அந்த முகாமையாளர் சொன்னதையும் எழுதினேன். அது என் கடமை.

பிழை செய்தவரை நான் வைத்திருப்பதில்லை. பதினெட்டு வருடம் என் குசினியில் வேலை செய்த கண்ணகையை, என் அம்மாவின் எனாமல் பேசின் ஒன்றை எடுத்ததற்காக அதே 2012 டிசெம்பரில் வெளியே அனுப்பியவள் நான். அழுதாள். காலில் விழுந்தாள். பேசினைக் கொண்டுவந்து வைத்தால் யோசிக்கிறேன் என்றேன். அவளால் கொண்டுவர முடியவில்லை. ஒரு பேசினுக்கே அப்படி என்றால், ஒரு எஞ்சினுக்கு உம்மைப் பன்னிரண்டு வருடம் பொறுத்தது என் பலவீனம்.

கு. பிரடெரிக்


காத்தான்குடி
20.02.2025

மதிப்புக்குரிய நோனாவுக்கு,

உடனே பதில் எழுத முடியவில்லை. உங்கள் கடிதத்தின் கடைசிப் பகுதியைப் பல தடவை வாசித்தேன். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். எழுதித்தான் ஆகவேண்டும்.

மட வான் சாரதி வினாயகமூர்த்தி போன கிழமை வந்தார். வானைக் கொண்டுவரவில்லை, சைக்கிளில் வந்தார். "பக்கீர் நானா, இனி வான் இஞ்ச வராது, மதர் சொல்லிட்டா. நான் என்ன செய்யிற, சொல்லுங்க. பழைய ஒயில் ஊத்திறவரெண்டு கதை வந்திட்டு" என்றார். என் மருமகன் இஷாம் பக்கத்தில் நின்றான். "மாமா, நாப்பது வருசத்தில உங்கள ஒருத்தன் இப்பிடிச் சொன்னதில்லையே" என்று கேட்டான். பள்ளிவாசலில் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள்.

நான் உங்களிடம் கேட்க இருந்த விஷயம் இதுதான். எனக்கும் என் மனைவி சித்தி நபீஸாவுக்கும் இந்த வருடம் ஹஜ்ஜுக்குப் போக இடம் கிடைத்திருக்கிறது. மே பதினான்காம் திகதி பயணம். போகமுன் பழகிய எல்லோரிடமும் சென்று, தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்பது எங்கள் வழக்கம். மனிதருக்குச் செய்த பிழையை அந்த மனிதர் மன்னிக்காமல் இறைவனும் மன்னிப்பதில்லை என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். இரண்டு மாதமாக ஒவ்வொரு வீடாகப் போகிறேன். எல்லோரும் மன்னித்துவிட்டார்கள். நீங்கள் ஒருவர்தான் மிச்சம்.

என்னை மன்னித்தேன் என்று ஒரு வரி எழுதுங்கள். முடிந்தால் மதருக்கு எழுதியதைத் திரும்பப் பெறுங்கள். கள்ளன் என்ற பெயரோடு கஃபாவின் முன்னால் போய் நிற்க எனக்கு மனம் வரவில்லை.

பக்கீர்


புளியந்தீவு
7 மார்ச் 2025

பக்கீர்,

தபசு காலம் தொடங்கிவிட்டது. உங்களுக்கும் நோன்பு என்று அறிகிறேன். ஆகவே இருவரும் உண்மை பேசுவோம்.

"தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழை" என்பது மன்னிப்புக் கேட்கும் முறை அல்ல. மடத்தில் எங்களுக்குப் பாவசங்கீர்த்தனம் படிப்பித்த சிஸ்டர், பாவத்தைப் பெயர் சொல்லிச் சொல்லாத பிள்ளையை வரிசையின் கடைசிக்கு அனுப்பிவிடுவார். "மூட்டையைக் கட்டிக் கொண்டுவராதே, அவிழ்த்துக் காட்டு" என்பார். நானும் அதையே கேட்கிறேன். எனக்கும் என் கணவருக்கும் செய்த பிழைகள் ஒவ்வொன்றையும் இலக்கமிட்டு எழுதும். எதை மன்னிப்பது என்று நான் தீர்மானிக்கிறேன்.

மே பதினான்குக்கு இன்னும் நாள் இருக்கிறது. அவசரம் உமக்கு, எனக்கல்ல.

காரில் கொஞ்சம் புகை வருகிறது. டஸ்டின் இரண்டு தடவை ஒயில் நிரப்பிவிட்டான். "அன்டி, கார் குடிக்குது" என்கிறான், ஏதோ நகைச்சுவைபோல. நீர் பன்னிரண்டு வருடம் விட்ட சேற்றை நல்ல ஒயில் கழுவுகிறது என்று முகாமையாளர் விளக்கினார்.

கு. பி.


காத்தான்குடி
22.03.2025

மதிப்புக்குரிய நோனாவுக்கு,

நீங்கள் கேட்டபடி எழுதுகிறேன்.

1. 1999இல் காரின் சாம்பல் தட்டு மூடியை உடைத்தது நான். முன்னமே உடைந்திருந்தது என்று சொன்னேன்.

2. ஒரு தடவை ஐயா உங்கள் வீட்டு மாம்பழம் ஒரு பை கொண்டுவந்து, "கடைசிப் பழங்கள், அவ எண்ணி வச்சிருக்கா, கேட்டா அணில் எண்டு சொல்லுவன்" என்றார். தெரிந்தே சாப்பிட்டேன்.

3. உங்கள் அம்மாவின் எனாமல் பேசின் என்னிடம் இருக்கிறது. நீல விளிம்பு உள்ளது. பன்னிரண்டு வருடமாக இருக்கிறது. அதற்காக ஒரு பெண்ணின் வேலை போனது உங்கள் ஜனவரிக் கடிதத்தில்தான் எனக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து எனக்கு நித்திரை சரியில்லை.

4. 2012 நவம்பரில் உங்களிடம் பொய் சொன்னேன். அந்தத் தடவை ஒயில் மாற்றியது நான் இல்லை.

மாற்றியது பிரடெரிக் ஐயா. உங்கள் வீட்டுப் போர்ட்டிகோவில், வெள்ளிக்கிழமை பின்னேரம். வெள்ளிக்கிழமை என் கராஜ் திறப்பதில்லை என்பது உங்களுக்கும் தெரியும். மறுநாள் என்னிடம் போவதாகச் சொல்லிவிட்டு நேரே தேற்றாத்தீவுக்குப் போயிருக்கிறார்.

அங்கிருந்து எனக்குக் கோல் எடுத்தார். போனேன். மழையில் நனைந்து, பொனற்றில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். எஞ்சினைப் பற்றிக் கேட்கவேயில்லை. முதல் சொன்னது இதுதான்: "பக்கீர், நீதான் செஞ்சனெண்டு சொல்லு. உனக்கு அவ ஒரு நாள் ஏசுவா. எனக்குச் சாகுமட்டும் ஏசுவா." நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. சரி என்றேன்.

அழுக்கு ஒயிலை அவர் வடித்தது உங்கள் பேசினில். அதை வீட்டில் வைத்துக் கழுவப் பயந்து, டிக்கியில் ஒளித்துக் கொண்டுவந்திருந்தார். "இத எங்கயாவது எறி" என்றார். நல்ல பேசின், எறிய மனம் வரவில்லை. அதில்தான் இவ்வளவு காலமும் உங்கள் காரின் ஒயிலை வடித்தேன்.

ஐயாவை நான் குறை சொல்ல வரவில்லை. உங்களிடம் சொன்ன பொய்க்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

பக்கீர்


புளியந்தீவு
17 ஏப்ரல் 2025, பெரிய வியாழன்

பக்கீர்,

மூன்று கிழமை உமது கடிதத்தை மேசையில் வைத்திருந்தேன். செபமாலைப் புத்தகத்தின் அடியில் வைக்க மனம் வரவில்லை. தபால் பில்களின் அடியில் வைத்தேன்.

நீர் கெட்டிக்காரர். சாட்சி சேமக்காலைக்குப் போய் நான்கு வருடம் ஆகும்வரை காத்திருந்தீர். உயிரோடு இருந்தபோது உமக்குப் பக்கத்தில் ஒரு பிளேன்டீயோடு உட்கார்ந்திருந்த மனிதரை, இறந்தபின் பொய்யராகவும் கோழையாகவும் ஆக்குகிறீர். ஒரு வானை இழந்ததற்காக.

என் கணவர் நாற்பத்தொரு வருடம் என்னோடு வாழ்ந்தார். என்னிடம் ஒரு விஷயத்தை மறைத்ததில்லை. எனக்குப் பயந்தார் என்கிறீர். எதற்கு? நான் கை நீட்டியதுண்டா? சத்தமாகப் பேசியதுண்டா? சரியானதைச் சரியாகச் செய்யச் சொன்னேன், அவ்வளவுதான். கைக்கு ஒரு துணி, சப்பாத்துக்கு ஒரு துணி என்று சொல்லிக்கொடுத்தேன். அதற்குப் பெயர் பயமா?

குருத்து ஞாயிறு அன்று கார் கல்லடிப் பாலத்தில் நின்றுவிட்டது. முதலில் நீலப் புகை, பிறகு தட்டும் சத்தம், பிறகு ஒன்றுமில்லை. குருத்தோலையோடு இறங்கி, சனம் பார்க்க, வெயிலில் நடந்தேன். எண்பத்தொரு வயதில். நீர் எதிர்பார்த்ததுதானே?

பேசின் இருக்கிறது என்று எவரும் எழுதலாம். நீல விளிம்பு எல்லாப் பேசினுக்கும் இருக்கும். என் அம்மா தன் பேசினில் ஒரு அடையாளம் வைத்திருந்தார். அது என்னவென்று நான் உமக்குச் சொல்லப்போவதில்லை. அனுப்பும், பார்ப்போம்.

கு. பி.


காத்தான்குடி
22.04.2025

நோனாவுக்கு,

பேசினை வினாயகமூர்த்தியிடம் கொடுத்தனுப்புகிறேன். மண்ணெண்ணெய் போட்டு மூன்று தடவை கழுவினோம். கறை முழுவதும் போகவில்லை. அடியில் ஆணியால் கீறிய சிலுவையும் ஓர் எழுத்தும் இருக்கின்றன. உங்கள் அடையாளம் அதுவா என்று எனக்குத் தெரியாது.

ஐயா ஏன் தானே ஒயில் மாற்றப் போனார் என்று நீங்கள் கேட்கவில்லை. நானும் சொல்லாமல் விட நினைத்தேன். ஆனால் அவிழ்த்துக் காட்டச் சொன்னீர்கள். அதற்கு முந்திய கிழமை விருந்தாளிகளுக்கு முன்னால், "எங்கட அப்பா தன்ர காருக்குத் தானே எல்லாம் செய்வார். இவருக்கு ஒரு நட்டுத் திருகவும் காத்தான்குடிக்குப் போகோணும்" என்று சொன்னீர்களாம். அதைச் செய்து காட்டத்தான் காருக்கு அடியில் படுத்தார். நட்டைக் கையால் திருகிக்கொண்டிருந்தபோது பாதர் வந்தாராம். நீங்கள் யன்னலால் கூப்பிட்டீர்களாம், "உடனே வாங்க, அந்தக் கையோட பாதருக்கு முன்னால வந்திராதீங்க" என்று. எழும்பிப் போனவர், திரும்பி வந்தபோது நட்டை மறந்துவிட்டார்.

எனக்கு அவர் சொன்னது இவ்வளவுதான். பயணத்துக்கு இன்னும் இருபத்திரண்டு நாள். உங்கள் ஒரு வரிக்காகக் காத்திருக்கிறேன்.

பக்கீர்


புளியந்தீவு
6 மே 2025

பக்கீர்,

பேசின் கிடைத்தது. கவிழ்த்துப் பார்த்தேன். என் அம்மாவின் சிலுவை, அம்மாவின் எழுத்து.

அந்த வெள்ளிக்கிழமை எனக்கு நினைவிருக்கிறது. பாதருக்கு லவ் கேக் வெட்டினேன். பிரடெரிக் கையை இரண்டு தடவை சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு வந்தார்; நகத்துக்குள் கறுப்பு இருந்தது; பாதர் போனபிறகு அதையும் சொன்னேன். நீர் எழுதியது அத்தனையும் உண்மை. உமக்கு மட்டும் இதை எழுதுகிறேன். வேறு எவருக்கும் எழுதமாட்டேன், சொல்லமாட்டேன்.

இனி உமது பட்டியல்.

1. சாம்பல் தட்டு மூடி: மன்னித்தேன்.

2. மாம்பழம்: மன்னித்தேன். அணில் இல்லை என்று எனக்கு அன்றே தெரியும்.

3. பேசின்: திரும்பப் பெற்றுக்கொண்டேன். அதை வாசலில் உள்ள குழாயடியில் நாய்க்குத் தண்ணீர் வைக்கப் பாவிக்கிறேன். கண்ணகையைப் பற்றி நீர் கவலைப்பட வேண்டாம். அவள் இப்போது மகளோடு வந்தாறுமூலையில் இருப்பதாகக் கேள்வி. அவளுக்கு எழுதுங்கள் என்று என்னிடம் சொல்வீர். அவளுக்கு வாசிக்கத் தெரியாது.

4. பொய்: மன்னிக்கவில்லை.

ஏன் என்று கேட்பீர். நீர் பழியை ஏற்றதால் எனக்கு நட்டம் இல்லை என்று நினைக்கிறீர். அவர் சாகும்வரை எட்டு வருடம் நான் உமக்கு ஏசியபோதெல்லாம் என் கணவர் பக்கத்தில் நின்றார். நீர் "ஓம் நோனா" என்றீர். அவர் நிலத்தைப் பார்த்தார். நான் போனபிறகு இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருப்பீர்கள். என் சொந்தப் போர்ட்டிகோவில் நின்று நான் ஒரு கோமாளிபோலப் பேசியிருக்கிறேன். அதைப் பார்க்க இரண்டு பேர். அவரிடம் கணக்குத் தீர்க்க வழியில்லை. உம்மிடம்தான் இருக்கிறது.

மதருக்கு எழுதியதைத் திரும்பப் பெறமாட்டேன். பெற்றால் காரணம் கேட்பார். காரணம் சொன்னால், பிரடெரிக் தன் மனைவிக்குப் பயந்து பொய் சொன்ன மனிதர் என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் பங்குச் சனம் முழுவதும் பேசும். உமது பெயரைவிட என் வீட்டுப் பெயர் எனக்கு முக்கியம். நீர் நாற்பது வருடம் நல்ல பெயரோடு இருந்தீர். இன்னும் எவ்வளவு தேவை?

கார் போர்ட்டிகோவில் நிற்கிறது. விற்கமாட்டேன், திருத்தமாட்டேன்.

பத்திரமாகப் போய்வாரும். நாலில் மூன்று தீர்ந்துவிட்டது. அது குறைந்த புள்ளி அல்ல.

குவெண்டலின் பிரடெரிக்


காத்தான்குடி
12.05.2025

நோனாவுக்கு,

சாவி உள்ளே இருக்கிறது. சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தைச் சித்தி நபீஸாவுக்கு வாசித்துக் காட்டினேன். "இந்த மனிசிட்ட இனி ஒண்டும் கேக்காதீங்க. நீங்க ஆருக்கு அநியாயம் செஞ்சீங்களோ அவருக்கிட்டக் கேளுங்க" என்றாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் வாக்குக் கொடுத்தது ஐயாவுக்கு. ஒரு வானுக்காகவும் என் பெயருக்காகவும், அவர் சேமக்காலையில் கிடக்கும்போது அவரை உங்கள் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டேன். எனக்கு ஏசுவதை நீங்கள் இனி நிறுத்துவீர்கள். அவருக்குத் தொடங்குவீர்கள். அவர் எதற்குப் பயந்தாரோ அதுதான் நடக்கப்போகிறது. ஹஜ்ஜில் அதற்குத்தான் அழப்போகிறேன், நீங்கள் விட்டுவைத்த நாலாவதற்கு அல்ல.

வந்தாறுமூலைக்கு நேற்றுப் போனேன். கண்ணகையைக் கண்டேன். பேசின் கதை முழுவதையும் அவருக்கும் மகளுக்கும் சொன்னேன். வாசிக்கத் தெரியாது, ஆனால் காது கேட்கிறது. இது உங்களுக்குத் தெரியவேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

கராஜை இனி இஷாம் பார்ப்பான். உங்கள் கார் வந்தால் தொடவேண்டாம் என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. நான் எழுதிய பட்டியலில் ஒரு பொய்யை விட்டுவிட்டேன். அதற்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். ஒயில் முழுவதும் வடிய அரை நாள் வேண்டும் என்று நான் ஐயாவிடம் ஒருநாளும் சொன்னதில்லை; நீங்கள் அப்படி நம்ப விட்டேன். ஒரு எஞ்சின் ஒயில் வடிய இருபது நிமிடம் போதும். நட்டைக் கழற்றிவிட்டு நான் வேறு வேலை பார்ப்பேன். ஐயா ஒரு வெறுங்கானைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருப்பார். பத்து மணிக்குப் போய், "ஐயா, வடிஞ்சிட்டு. பூட்டவா?" என்று கேட்பேன். "இன்னும் வருது பக்கீர், கொஞ்சம் நில்லு" என்பார். பன்னிரண்டு மணிக்கும் கேட்பேன். லுஹர் தொழுதுவிட்டு வந்தும் கேட்பேன். "இன்னும் ஒரு சொட்டு வருது" என்பார்.

நான் குனிந்து பார்ப்பேன். ஒன்றும் வராது.

பக்கீர்